46 வயதில் வால்ட்! வயிற்றில் குழந்தையோடு 5 தங்கம்! தெரியுமா?

ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் முதன்முதலாக 10க்கு 10 வாங்கிய பெண் நாடியா கொமனேச்சி, அதே வயதில் இன்று போட்டிக்கு வந்து நின்றால் என்ன ஆகும் தெரியுமா? வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்!

ஆமாம்! 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியாவுக்கு வயது வெறும் 14. இன்றைய விதிப்படி, போட்டி நடக்கும் ஆண்டுக்குள் 16 வயது நிறைய வேண்டும். 1997இலிருந்து இதுதான் சட்டம்!

"அது சின்னப் பெண்கள் விளையாட்டுதானே?" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஏன் என்று கேட்கிறீர்களா? மேலே படியுங்கள்!

வயிற்றில் குழந்தை, கழுத்தில் தங்கம்!

1958, மாஸ்கோவில் உலக சாம்பியன்ஷிப். சோவியத் யூனியனின் லரிசா லாத்தினினா மொத்தம் இருந்த 6 தங்கங்களில் 5ஐ அள்ளினார். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அப்போது அவர் நான்கு மாதத்துக்கு மேல் கர்ப்பிணி! நம்ப முடிகிறதா? அதே ஆண்டு டிசம்பரில் மகள் பிறந்தாள்!

குழந்தை பெற்றாயிற்று, இனி வீட்டோடு இருப்பார் என்று நினைத்தீர்களா? 1960 ரோம் ஒலிம்பிக்கில் மறுபடி வந்து 3 தங்கம்! மொத்த ஒலிம்பிக் பதக்கங்கள் 18, அதில் தங்கம் மட்டும் 9. இந்த 18 பதக்கச் சாதனையை முறியடிக்க 2012இல் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் வர வேண்டியிருந்தது. 48 வருடம் நின்ற சாதனை! அதுவும் தண்ணீரில்தான் உடைந்தது!

35 வயதில் 4 தங்கம்!

ஆக்னஸ் கெலெட்டி என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? புடாபெஸ்ட்டில் பிறந்த யூதப் பெண். இரண்டாம் உலகப் போரில் வேறொரு பெண்ணின் அடையாளச் சீட்டை விலைக்கு வாங்கி, கிராமத்து வீடொன்றில் வேலைக்காரியாக ஒளிந்து உயிர் பிழைத்தார். தந்தையை ஆஷ்விட்ஸ் விழுங்கிவிட்டது.

முதல் ஒலிம்பிக்கில் அவர் கால் வைத்தபோது வயது 31! 1956 மெல்போர்னில் 35 வயதில் 4 தங்கம், 2 வெள்ளி! ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் தங்கம் வென்ற பெண்களில் மிக மூத்தவர் இன்றுவரை இவர்தான். நூறை நெருங்கிய வயதிலும் காலை இரு பக்கமும் விரித்துத் தரையோடு தரையாக உட்கார்ந்து காட்டுவார்! எனக்குக் குனிந்து செருப்பு மாட்டவே முதுகு பிடிக்கிறது. 2025 ஜனவரி 2ஆம் தேதி மறைந்தார். இன்னும் ஒரே ஒரு வாரம் இருந்திருந்தால் 104 வயது!

மூன்று வருடமும் 15 வயது!

இது இன்னொரு கூத்து! வடகொரியாவின் கிம் குவாங் சுக் 1991இல் உலக சாம்பியன். கம்பியில் பறந்து பறந்து பிடிப்பார். பார்த்தால் குழந்தை. முன்பற்கள்கூட இல்லை! அவருடைய அதிகாரபூர்வ வயது என்ன தெரியுமா? தொடர்ந்து மூன்று வருடம் 15! பிறந்தநாளே வராத பெண்ணா? சர்வதேசக் கூட்டமைப்புக்குப் பொறுக்கவில்லை. 1993 உலக சாம்பியன்ஷிப்பில் வடகொரியாவுக்கே தடை!

சீனாவும் தப்பவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆடிய டோங் ஃபாங்சியாவோவுக்கு அப்போது 14 வயதுதான் என்று பிறகு தெரியவந்தது. எப்போது பதக்கத்தைப் பிடுங்கினார்கள்? 2010இல்! பத்து வருடம் கழித்து அணியின் வெண்கலம் அமெரிக்காவுக்குக் கைமாறியது!

10 வாங்கினார், 1 என்று காட்டியது!

நாடியாவுக்கே திரும்புவோம். 1976 ஜூலை 18. கம்பியிலிருந்து இறங்கி நிற்கிறார். மதிப்பெண் பலகையில் விழுந்தது: 1.00!

அரங்கமே திருதிருவென்று விழித்தது. இவ்வளவு அழகாக ஆடியவளுக்கு ஒன்றா? காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பலகையில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம்! பத்தெல்லாம் யார் வாங்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில் செய்த பலகை! அதே ஒலிம்பிக்கில் நாடியா ஒருமுறை அல்ல, 7 முறை பத்து வாங்கினார். கம்பியில் 4, சமநிலைக் கட்டையான பீமில் 3! போதாதென்று நெல்லி கிம்மும் 2 முறை வாங்கினார். பாவம் அந்தப் பலகை!

ஒலிம்பிக்கில் கடைசியாகப் பத்து வாங்கியது யார் தெரியுமா? 1992 பார்சிலோனா. ஒரே நாளில் இருவர்! கம்பியில் சீனாவின் லூ லீ, தரைப் பயிற்சியான ஃப்ளோரில் ருமேனியாவின் லவினியா மிலோசோவிச்சி. அதோடு சரி. 2006இல் பத்து என்ற உச்சவரம்பையே தூக்கிவிட்டார்கள். இப்போது வித்தையின் கடினத்துக்கு ஒரு கணக்கு, செய்த நேர்த்திக்குப் பத்திலிருந்து கழிக்கும் இன்னொரு கணக்கு, இரண்டையும் கூட்ட வேண்டும்.

பழைய ரசிகர்கள் பலர் இன்றும் அந்தப் பத்துக்காக ஏங்குகிறார்கள். நான் ஏங்க மாட்டேன்! சுலபமானதைச் சுத்தமாகச் செய்தவருக்கும், உயிரைப் பணயம் வைத்ததைச் சுத்தமாகச் செய்தவருக்கும் ஒரே பத்து என்றால் எப்படி? இருவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமா, சொல்லுங்கள்!

ஒரு ஸ்கேல் எடுங்கள்!

10 செ.மீ. அளந்து பாருங்கள். அவ்வளவுதான் பீமின் அகலம்! நீளம் 5 மீட்டர், உயரம் 1.25 மீட்டர். அதன் மேல்தான் பின்பல்டி, அந்தரத்தில் முழுச் சுற்று, ஒற்றைக்காலில் பம்பரம் எல்லாம். 90 வினாடிக்குள் முடிக்க வேண்டும். விழுந்தால் முழுசாக 1 மதிப்பெண் போச்சு! ஏறி மறுபடி தொடங்க எவ்வளவு நேரம் தருவார்கள்? 10 வினாடி! அழுவதற்குக்கூட நேரமில்லை!

கம்பியில் தேன்!

கைக்குப் பூசும் வெள்ளைத் தூள் சாக்பீஸ் பொடி என்றா நினைத்தீர்கள்? இல்லை, அது மெக்னீசியம் கார்பனேட்! அதோடு நிற்காது. வழுக்காமல் பிடிக்கச் சிலர் கம்பியில் தேன் தடவுவார்கள்! சிலர் சர்க்கரைத் தண்ணீர்! மேல் கம்பி 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கை நழுவினால் என்ன ஆகும் என்று யோசித்தால் தேன் எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை!

வணக்கம் சொல்லாவிட்டால் அபராதம்!

தொடங்கும் முன்னும் முடித்த பிறகும் நடுவரைப் பார்த்துக் கைதூக்கி நிற்கிறார்களே, அது வெறும் மரியாதை என்று நினைத்தீர்களா? மறந்தால் 0.3 கழிப்பார்கள்! ஃப்ளோரில் இரண்டு காலும் கோட்டைத் தாண்டினால் அதே 0.3, ஒரு கால் தாண்டினால் 0.1. பெண்கள் ஃப்ளோர் இசையில் பாட்டு வரிகள் வரக்கூடாது! வெறும் இசைதான்!

5 செ.மீ. குளறுபடி!

2000 சிட்னி. எல்லாக் கருவிகளிலும் ஆட வேண்டிய தனிநபர் ஆல்-அரவுண்ட் இறுதி. உலகின் தலைசிறந்த வீராங்கனைகள் வரிசையாக வால்ட்டில் வந்து விழுகிறார்கள். ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், பொத்! ஒருத்திக்கும் புரியவில்லை. தங்கம் வெல்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்த ஸ்வெட்லானா கோர்க்கினாவும் விழுந்தார். மனம் உடைந்து அடுத்துக் கம்பியிலும் தவறினார்.

பாதிப் போட்டி ஓடிய பிறகு ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர் சொன்னார்: வால்ட்டின் உயரம் சரியில்லையே! அளந்து பார்த்தார்கள். 125 செ.மீ. இருக்க வேண்டியது 120 செ.மீ.! ஒலிம்பிக்கில்! இறுதிப் போட்டியில்! வேண்டுமானால் திரும்பக் குதியுங்கள் என்றார்கள். கம்பியிலும் விழுந்துவிட்ட கோர்க்கினாவுக்கு அதனால் என்ன பயன்? வேண்டாம் என்றுவிட்டார்.

அந்தப் போட்டியின் சாபம் அதோடு தீரவில்லை! வென்ற ஆண்ட்ரியா ரடுக்கானுக்கு வயது 16. சளிக்கு அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்ததாம். தங்கத்தைப் பறித்துக்கொண்டார்கள்! அணித் தங்கமும் வால்ட் வெள்ளியும் மட்டும் அவரிடமே தங்கின. எத்தனை வருடம் ஆனாலும் இது எனக்கு ஆறாத வயிற்றெரிச்சல்!

உருளைக்கிழங்கு மூட்டையே பளு!

1968. செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைகின்றன. எதிர்ப்புக் குரல் கொடுத்த அந்நாட்டு ஜிம்னாஸ்ட் வெரா சாஸ்லாவ்ஸ்கா மலைப்பகுதிக்கு ஓடி ஒளிகிறார். ஒலிம்பிக்குக்கு இன்னும் சில வாரங்களே! பயிற்சிக்கு எங்கே போவது? உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கினார். மரக்கிளையில் தொங்கி ஆடினார். புல்வெளியில் ஃப்ளோர் பழகினார். உள்ளங்கை மென்மையாகிவிடக் கூடாதே என்று நிலக்கரி அள்ளினார்!

மெக்சிகோ போய் எத்தனை தங்கம்? நான்கு! ஃப்ளோருக்கு மெக்சிகோ நாட்டு மெட்டு. கூட்டம் சும்மா இருக்குமா? பதக்க மேடையில் சோவியத் கீதம் ஒலித்தபோது தலையைக் குனிந்து வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குக் கொடுத்த விலை? அந்த ஆட்சியில் பல வருட ஒதுக்கல்!

இது ஆச்சரியக்குறி போடக்கூடியதல்ல

1978 உலக சாம்பியன் எலெனா முகினா. ஏற்கெனவே கால் முறிந்து சரியாக ஆறாத நிலையில், மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கும்போது 'தாமஸ் சால்டோ' என்ற வித்தையைப் பழகவைத்தார்கள். காற்றில் சுழன்று, தலைகுப்புற வந்து உருண்டு எழ வேண்டிய வித்தை. போதிய உயரம் கிடைக்கவில்லை. தாடை தரையில் மோதியது. கழுத்துக்குக் கீழே உடம்பு அசையாமல் போயிற்று. அப்போது அவருக்கு வயது 20. பிறகுதான் அந்த வித்தையைப் பெண்களுக்குத் தடை செய்தார்கள். 2006இல் இறந்துபோனார்.

அமெரிக்க அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கில், 2018இல் தண்டனை அறிவிக்கும் முன் நீதிமன்றத்தில் எழுந்து பேசிய பெண்கள் 150க்கும் மேல். இந்த விளையாட்டை நேசிக்கிறவர்கள் இந்த எண்ணையும் மறக்கக் கூடாது.

சிறுநீரகக் கல்லோடு 4 தங்கம்!

அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ்! உயரம் 142 செ.மீ. ஒலிம்பிக் பதக்கம் 11, உலக சாம்பியன்ஷிப் பதக்கம் 30. கூட்டினால் 41! அதில் தங்கம் மட்டும் 30!

2018 தோஹா உலக சாம்பியன்ஷிப். தகுதிச்சுற்றுக்கு முந்தின இரவு வயிற்றுவலி தாங்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். சிறுநீரகக் கல்! அந்த வலி வந்தவர்களுக்குத் தெரியும், நிற்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. இவர் என்ன செய்தார்? களமிறங்கி 6 பதக்கம் வென்றார். 4 தங்கம்!

அவர் பெயரில் எத்தனை வித்தைகள் தெரியுமா? ஐந்து! ஃப்ளோரில் 2, வால்ட்டில் 2, பீமில் 1. பெயர் வைப்பது ஒன்றும் சுலபமில்லை. உலக சாம்பியன்ஷிப், ஒலிம்பிக் மாதிரி பெரிய மேடையில் முதல் ஆளாக, விழாமல் செய்து காட்ட வேண்டும்!

அந்த இரண்டு வால்ட்டில் ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 25 மீட்டர் ஓடுதளம். புயலாக ஓடி வருகிறார். பலகைக்கு முன் கையூன்றிக் கரணம், காலை ஸ்பிரிங் பலகையில் பதித்து முதுகுப்பக்கமாகப் பாய்ச்சல், கைகள் மேசையைத் தொட்டுத் தள்ளுகின்றன. இனி அந்தரம்! முழங்காலை மடக்காமல், கால்களை நீட்டி, உடம்பைக் கத்திரிபோல் மடித்து ஒரு பல்டி, இன்னொரு பல்டி! 2021இல் இவர் செய்யும்வரை எந்தப் பெண்ணும் போட்டியில் தொடாத வித்தை. 2023 ஆன்ட்வெர்ப்பில் செய்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று பயிற்சியாளர் மெத்தையில் நின்றார். அதற்காகவே 0.5 கழித்தார்கள். கழித்த பிறகும் எவ்வளவு? 15.266! அடேங்கப்பா!

அதிகக் கடினம், குறைந்த மதிப்பு!

இதைக் கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும்! 2019இல் பீமிலிருந்து இறங்க ஒரு புது வித்தை கொண்டுவந்தார் பைல்ஸ். இரண்டு பல்டி, அதற்குள்ளேயே இரண்டு திருகல்! ஒவ்வொரு வித்தைக்கும் எழுத்து உண்டு. 'ஏ' என்றால் 0.1, 'பி' 0.2, அப்படியே ஏறிக்கொண்டே போகும். இதற்குக் கிடைத்தது 'எச்'. வெறும் 0.8!

ஏன் இவ்வளவு குறைவு? வித்தை ஆபத்தானது, மதிப்பை ஏற்றினால் மற்றவர்களும் துணிந்து கழுத்தை முறித்துக்கொள்வார்கள் என்கிற மாதிரி ஒரு விளக்கம்! முகினாவை நினைத்தால் அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு ஃப்ளோரில் இரண்டு பல்டி, மூன்று திருகல் செய்தாரே, அதற்கு மட்டும் 'ஜே', அதாவது முழுசாக 1.0 கொடுத்தார்களே! ஃப்ளோரில் வராத பயம் பீமில் மட்டும் எங்கிருந்து வந்தது?

4 வினாடியில் கைமாறிய பதக்கம்!

2024 பாரிஸ், ஃப்ளோர் இறுதி. முட்டியில் மூன்று முறை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிரேசிலின் ரெபேக்கா அந்திராதே 14.166. பைல்ஸ் 14.133. வித்தியாசம் 0.033! பைல்ஸ் இரண்டு தடவை கோட்டைத் தாண்டியதற்கு எவ்வளவு போயிற்று? 0.6! மேடையில் பைல்ஸும் அவருடைய அணித்தோழி ஜோர்டன் சைல்ஸும் குனிந்து அந்திராதேவுக்கு மரியாதை செய்த படத்தைப் பார்க்காதவர்கள் உண்டா?

நிஜமான கூத்து மூன்றாம் இடத்தில்! ருமேனியாவின் ஆனா பார்போசு 13.700. வெண்கலம் தனக்கே என்று கொடியைத் தூக்கிவிட்டார். அந்த நொடியில் அமெரிக்காவின் முறையீடு ஏற்கப்பட்டு, சைல்ஸின் மதிப்பெண் 13.766 ஆனது. கொடி கையிலிருந்து நழுவியது. பார்போசு அழுதார்.

முடிந்ததா? இல்லை! முறையீடு செய்ய 1 நிமிடம்தான் அவகாசம். 1 நிமிடம் 4 வினாடிக்கு வந்தது என்று விளையாட்டு நடுவர் மன்றம் சொல்லிவிட்டது! பதக்கம் பார்போசுவுக்கு. 47ஆவது வினாடியிலேயே கேட்டுவிட்டோம், வீடியோ இருக்கிறது என்றது அமெரிக்கா. வழக்கு சுவிட்சர்லாந்து நீதிமன்றம்வரை போனது!

இந்தச் சண்டையில் எல்லாரும் மறந்த ஒரு பெண் இருக்கிறார். சப்ரீனா மனேகா-வோய்னியா. இவரும் 13.700தான்! கோட்டைத் தாண்டியதாக 0.1 கழித்தார்கள். வீடியோவைப் பார்த்தால் கால் தாண்டினதாகவே தெரியவில்லை! அந்த 0.1 இருந்திருந்தால் 13.800, இருவரையும் தாண்டி வெண்கலம் இவருக்கு! என் கணக்கில் அந்த இறுதியில் உண்மையாகவே ஏமாந்தவர் இவர்தான்.

ஆப்பிரிக்காவின் முதல் தங்கம்!

அதே பாரிஸ். கம்பியில் 15.700 எடுத்த அல்ஜீரியாவின் கைலியா நெமூருக்கு வயது 17. ஆப்பிரிக்கக் கண்டத்துக்கே ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் கிடைத்த முதல் பதக்கம் இது. முதல் பதக்கமே தங்கம்!

0.15ல் நழுவிய வெண்கலம்!

திரிபுராவின் அகர்தலாவில் பிறந்த தீபா கர்மாகருக்குத் தட்டைப் பாதம் தெரியுமா? குதித்து நிற்பதே சிரமம் என்று சொல்லும் பாதம்! அந்தப் பாதத்தோடு அவர் தேர்ந்தெடுத்தது புரொதுனோவா. கையூன்றி முன்பக்கமாகப் பாய்ந்து, அந்தரத்தில் இரண்டு முன்பல்டி. இறங்கும்போது தரை கண்ணுக்குத் தெரியாது! சுற்று குறைந்தால் கழுத்து. 'மரண வால்ட்' என்று சும்மாவா பெயர் வந்தது?

2016 ரியோ. ஒலிம்பிக் சென்ற முதல் இந்திய ஜிம்னாஸ்ட் பெண். 1964க்குப் பிறகு ஆணோ பெண்ணோ எந்த இந்திய ஜிம்னாஸ்ட்டும் ஒலிம்பிக் மேடை ஏறியதில்லை! இறுதியில் அவர் வாங்கியது 15.066. வெண்கலம் வென்ற ஸ்விட்சர்லாந்தின் கியூலியா ஸ்டெயின்க்ரூபர் 15.216. நான்காம் இடம்! இறங்கும்போது கிட்டத்தட்ட உட்கார்ந்தேவிட்டார். இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருந்தால்..? 2024இல் 30 வயதில் ஆசிய சாம்பியன்ஷிப் வால்ட் தங்கத்தை வாங்கிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்!

அதே இறுதியில் ஓர் அம்மா!

ரியோவில் தீபா குதித்த அதே வால்ட் இறுதியில், அதே புரொதுனோவாவைத் துணிந்து குதித்த இன்னொருவருக்கு வயது 41! ஒக்சானா சுசோவிடினா. உஸ்பெகிஸ்தான்காரர்!

இவர் கதையைக் கேளுங்கள். 1991இல் சோவியத் யூனியனுக்காக உலக சாம்பியன். 1992இல் அந்த நாடே இல்லை! பழைய சோவியத் நாடுகளின் கூட்டு அணியில் ஒலிம்பிக் தங்கம். பிறகு உஸ்பெகிஸ்தான். 2002இல் மகன் அலிஷருக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சைக்காக ஜெர்மனியின் கொலோனுக்குப் போனார். பணத்துக்கு? ஓடினார், குதித்தார், பரிசுத்தொகை வாங்கினார்! 2008இல் ஜெர்மனி உடையில், 33 வயதில், ஒலிம்பிக் வால்ட் வெள்ளி! மகனும் பிழைத்துக்கொண்டான்.

எத்தனை ஒலிம்பிக் தெரியுமா? எட்டு! 1992இல் தொடங்கி டோக்கியோ வரை ஒன்றுகூட விடவில்லை. டோக்கியோவில் வயது 46. கூட ஆடியவர்களில் பலர் அவர் மகனைவிடச் சின்னவர்கள்! பார்வையாளர் இல்லாத அரங்கில் அங்கிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவரும் அழுதார். ஓய்வு என்று அறிவித்தார்.

ஓய்வா? சில மாதத்திலேயே மனம் மாறிவிட்டது! பாரிஸுக்கும் தயாரானார், காயம் குறுக்கே வந்தது. 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் நடக்கும்போது அவருக்கு 53 வயது ஆகியிருக்கும். வால்ட் ஓடுதளத்தின் முனையில் வந்து கைதூக்கி நின்றால் நான் கொஞ்சமும் ஆச்சரியப்பட மாட்டேன். நீங்கள்?